ஸ்லிப்ஜாயின்ட் கத்திக்குத் தமிழ்ப்பெயர்: நழுவுமூட்டா, வில்லுக்கத்தியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் போட்ட ஒற்றை வரிக் கேள்விக்கு இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. கத்தி என்றதும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது போலிருக்கிறது.

இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விவசாயிகளும் குமாஸ்தாக்களும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த, இரண்டு அலகு உள்ள பழைய மடக்குக் கத்திகளைப் பற்றி ஒரு தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். சேகரிப்பாளர்கள் அவற்றை ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். பக்கத்துக்குப் பத்துத் தடவை அதை அப்படியே எழுதினால் படிப்பவர் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தமிழில் என்ன சொல்வது? வந்த பதில்களை எடுத்துக்கொள்கிறேன்.

> ஸ்லிப் என்றால் நழுவல், ஜாயின்ட் என்றால் மூட்டு. நழுவுமூட்டுக் கத்தி என்று வைத்துவிடலாமே.

சொல்லுக்குச் சொல் வைத்தால் இதுதான் வரும். ஆனால் நம் ஊரில் மூட்டு நழுவிவிட்டது என்றால் புத்தூர் கட்டுப் போட ஆள் தேடுவோம். படிப்பவர் கத்தி பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்பார்.

> பேனாக்கத்தி என்ற அருமையான சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அருமையான சொல்தான். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பிறந்த கத்தி, பெயரும் அங்கிருந்தே வந்தது. சிக்கல் என்னவென்றால், சேகரிப்பாளர்களிடம் பேனாக்கத்தி என்பது இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் பெயர் மட்டுமே: ஒல்லியாக, சின்னதாக, இரு முனையிலும் ஒவ்வோர் அலகு உள்ளது. அதற்கு எனக்கு அந்தச் சொல் வேண்டும். குடும்பம் முழுவதற்கும் அதையே வைத்தால், எல்லா அரிசியையும் பொன்னி என்று கூப்பிட்டது போல் ஆகிவிடும்.

> மடிக்கத்தி. மடிவதாலும் மடிக்கத்தி, வேட்டி மடியில் செருகுவதாலும் மடிக்கத்தி.

இதை எழுதியவருக்கு ஒரு கும்பிடு. மடிக்கணினிக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. ஆனால் மடிகிற கத்தி எல்லாம் ஸ்லிப்ஜாயின்ட் ஆகாது. ஜப்பானின் ஹிகோனோகாமியும் மடியும். அதில் வில் (ஸ்பிரிங்) கிடையாது, மூட்டு ஆணியின் இறுக்கமும் கட்டைவிரலும்தான் அலகைப் பிடித்துக்கொள்கின்றன. பிரான்சின் ஓப்பினெலும் மடியும். அதில் கழுத்து வளையத்தைத் திருகிப் பூட்ட வேண்டும். மூன்றையும் மடியில் செருகலாம். எனக்கு வேண்டியது, அந்த இரண்டிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்டும் சொல். (பைக்கத்தி என்று எழுதிய நண்பருக்கு: நான் அதை மோட்டார் பைக் கத்தி என்றே படித்தேன். மன்னிக்கவும்.)

சரி, பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மேசையில் இருப்பது பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபர்ட் ஊரில் கேஸ் (Case) என்ற கத்தி நிறுவனம் செய்த, ட்ராப்பர் என்ற வடிவக் கத்தி. மூடினால் நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரே முனையில் இரண்டு நீண்ட அலகுகள். நகத்தை வைத்து இழுத்தால் முதலில் வர மாட்டேன் என்கிறது. பிறகு அசைகிறது. பாதி தூரத்தில், பிடிக்கு நேர்குத்தாக, ‘டக்’ என்று நிற்கிறது. மறுபடி இழுத்தால் கடைசிக் கொஞ்ச தூரத்தை அலகு தானே ஓடி முடித்து இன்னொரு ‘டக்’ போடுகிறது. அந்த நேரத்தில் கத்தியின் முதுகைக் கவனியுங்கள். அங்கே நீளவாக்கில் ஓடும் எஃகுப் பட்டை மயிரிழை அளவு மேலே எழுந்து, அலகு நின்றதும் மறுபடி சமமாகப் படிந்துவிடுகிறது.

அந்தப் பட்டைதான் எல்லாம். ஒரு பக்கம் ஆணி அடித்து நிறுத்திய அதன் மறுமுனை, அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அடியைச் சதுரமாக ராவியிருந்தால் பாதியில் ஒரு தங்கல் வரும்; உருட்டி ராவியிருந்தால் ஒரே ஓட்டமாக ஓடும். பூட்டு கிடையாது. திறந்த அலகின் முதுகில் ஓங்கி அழுத்தினால் பட்டை விட்டுக்கொடுத்துவிடும். எனக்கு இது விரலில் எழுதிய பாடம்: முதன்முதலில் வாங்கிய கத்தியின் முனையால் பெல்ட்டில் துளை போடப் போய், அலகு மடிந்து, ஆள்காட்டி விரலில் மூன்று தையல்.

ஆக, இந்தக் கத்தியின் உயிர் மூட்டிலும் இல்லை, மடிப்பிலும் இல்லை, முதுகில் இருக்கிறது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் லண்டனிலிருந்து ஒற்றை வரி மடல் வந்தது:

> நாங்கள் வில்லுக்கத்தி என்றல்லோ சொல்லுறனாங்கள்.

படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் அன்றாடம் புழங்குகிற சொல். வில் என்றால் நமக்கு அம்பு விடும் வில்லும் சுருள்வில்லும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் வில்லுவண்டியை மறந்துவிட்டோம். அந்த மாட்டுவண்டியின் கீழே இருந்தது சுருள் அல்ல, இதே போல் தட்டையான எஃகுப் பட்டைதான். வண்டிக்கு வில் என்று பெயர் வைத்த கொல்லர் இந்தக் கத்தியைப் பிரித்துப் பார்த்திருந்தாலும் அதே பெயரைத்தான் வைத்திருப்பார். புதிதாக எதையும் செய்ய வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதை எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

> பட்டன் கத்தியிலும் வில் இருக்கிறதே?

இருக்கிறது. அங்கே வில் அலகை வெளியே தள்ளுகிறது, இங்கே பிடித்து வைக்கிறது. அதற்குப் பட்டன் கத்தி என்ற பெயர் சினிமா புண்ணியத்தில் ஊன்றிவிட்டது, யாரும் குழம்ப மாட்டார்கள். முதுகில் பூட்டு உள்ள கத்திகளுக்கும் வில் உண்டு. அவற்றைப் பூட்டுக்கத்தி என்று தனியே சொல்லிவிடலாம்.

> சந்தி விதிப்படி வில் + கத்தி = விற்கத்தி அல்லவா?

அப்படித்தான் வரும். ஆனால் விற்கத்தி என்று எழுதினால் கத்தி விற்பனைக்கு என்று யாராவது விலை கேட்பார்கள். வில்லுப்பாட்டு, வில்லுவண்டி வழியில் வில்லுக்கத்தி இருக்கட்டும்.

அடுத்து அலகு. அறிவியல் பாடத்தில் அலகு என்றால் யூனிட். ‘இரண்டு அலகு’ என்றால் மின்கட்டணம் போல் இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே வந்து பாருங்கள். திருவிழாவில் அலகு குத்துகிறார்களே, அதைப் பார்த்து யாரும் யூனிட் என்று நினைப்பதில்லை. அலகு இருக்கட்டும். இரண்டு அலகுள்ளதை ஈரலகு என்கிறேன்.

ஈரலகுக் கத்தியிலும் இரண்டு வகை. இரண்டும் ஒரே முனையிலிருந்து திறந்தால் ஜாக். ட்ராப்பரும் பழைய பார்லோவும் அந்தச் சாதி. முனைக்கு ஒன்றாகத் திறந்தால் பேனாக்கத்தி, மஸ்க்ரட், மூஸ். முதல் வகையை ஒருதலை என்றும் இரண்டாவதை இருதலை என்றும் எழுதுகிறேன். ஒருதலை என்றதும் காதல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இருதலைக்கு மண்ணுளிப் பாம்பு துணை. ட்ராப்பர், மஸ்க்ரட் போன்ற வடிவப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்க மாட்டேன். அவை ஆள் பெயர் மாதிரி.

பிடியின் முனையில் இருக்கும் உலோகக் கவசத்துக்குப் பூண். உலக்கைக்குப் பூண் இருக்கிறதே, அதேதான். பார்லோவை அடையாளம் காண இந்த ஒரு சொல் போதும்: பூண் நீண்ட கத்தி. அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளத்துக்கு நகவெட்டு என்று ஒரு பரிந்துரை வந்தது. பக்கத்திலேயே நகவெட்டி நிற்கிறது, வேண்டாம். நகக்குறி என்றால் சிருங்காரமாகிவிடும். பிறைக்கீற்று மாதிரி வளைந்து இருப்பதால் நகக்கீற்று.

அலகின் அடியில் பொறித்திருக்கும் எழுத்துகளுக்கு அடிமுத்திரை. சேகரிப்பாளருக்கு முக்கியமான இடம் அதுதான். கேஸ் கத்திகளில் 1970 முதல் நிறுவனப் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளிகள் போட்டார்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளி குறையும். என் ட்ராப்பரில் ஏழு புள்ளிகள், ஆகவே 1973. மறுபக்கத்தில் 6254 என்ற எண். 6 என்றால் எலும்புப் பிடி, 2 என்றால் ஈரலகு, 54 வடிவத்தின் எண். லென்ஸை வைத்துக்கொண்டு புள்ளி எண்ணுவதில் இருக்கும் சுகம் தபால்தலை சேர்த்தவர்களுக்குத் தெரியும்.

பிடிக்கு வருகிறேன். மாட்டெலும்பில் வரிவரியாகச் செதுக்கிச் சொரசொரப்பாக்குவார்கள். இதற்கு நான் யோசிக்கவே இல்லை: அம்மி கொத்துகிறோம், எலும்பையும் கொத்தலாம். கொத்திய எலும்பு. (கொத்தெலும்பு என்று சேர்த்தால் பரோட்டா கடை வாசனை வருகிறது.) கொத்துவது எதற்கு? மான்கொம்பின் இயற்கையான மேடுபள்ளத்தைப் போல் காட்டத்தான். அந்தக் கொம்பு எங்கிருந்து போனது தெரியுமா? பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து. ஷெஃபீல்டின் கத்திப் பட்டறைகளும் அமெரிக்கப் பட்டறைகளும் விரும்பியது நம் கடமானின் கொம்பைத்தான். உள்ளே மென்மையான சோற்றுப்பகுதி குறைவு, கெட்டி அதிகம். ஆண்டுதோறும் மான் உதிர்க்கும் கொம்பைப் பொறுக்கி ஏற்றுமதி செய்தார்கள். 1990களின் இறுதியில் இந்தியா அதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு பழைய கொம்புப்பிடிக் கத்திகளின் மதிப்பே வேறு. ஆகையால் பொத்தாம்பொதுவாக மான்கொம்பு என்று எழுதாமல், கடமான் கொம்பு என்றே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ட்ராப்பரின் இரண்டாவது அலகு ஸ்பே. முனை மழுங்கி இருக்கும். கால்நடைகளுக்குக் காயடிக்கும்போது குத்திவிடக் கூடாது என்பதற்காக அப்படி. காயடி அலகு என்று எழுதலாமா, முகம் சுளிப்பார்களா? எனக்குக் கூச்சமில்லை.

கடைசியாக, எனக்குப் பிடித்தது. திறந்து மூடும்போது எழும் அந்த ‘டக்’, அதன் துடிப்பு, கைக்குத் தெரியும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் கத்தியின் நடையும் பேச்சும் என்பார்கள். அதை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் கதாநாயகி அறிமுகக் காட்சி மாதிரி இருக்கும். நம்மிடம் சொடக்கு இருக்கிறது. ‘இந்தக் கத்திக்கு நல்ல சொடக்கு’, ‘எண்ணெய் விடாமல் சொடக்குப் போய்விட்டது’. சொல்லிப் பாருங்கள், கத்தியே கையில் இருப்பது போல் இருக்கும்.

அன்புடன்.

*

அண்ணை, வணக்கம்.

என்ரை ஒரு வரிக்கு இவ்வளவு மரியாதையா! ஆனால் ஒன்றைச் சொல்லவேணும். ஊரில் நாங்கள் வில்லுக்கத்தி எண்டு சொல்லேக்கை பூட்டு இருக்கோ இல்லையோ எண்டு பார்க்கிறதில்லை. அப்புவின் மடியில் ஒன்று இருந்தது. சுருட்டு நுனி வெட்ட, எங்களுக்குப் பென்சில் சீவ. மடக்கினால் சரி, அது வில்லுக்கத்தி. நீங்கள் அதை இறுக்கிப் பிடித்து ஒரு வகைக்கு மட்டும் எண்டு வைக்கிறியள். வைக்கலாம், ஆனால் தெரிஞ்சு வையுங்கோ.

இங்கே இங்கிலாந்தில் இந்த வேறுபாடு விளையாட்டில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூர்ப்பகுதி மூன்று அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வெளியே கொண்டு திரியலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. 1990களின் தொடக்கத்திலேயே நீதிமன்றம் அப்படித் தீர்த்துவிட்டது. ஆகவே ‘பூட்டில்லாத’ என்ற சொல்லை ஒரு இடத்திலாவது சேர்த்து எழுதுங்கோ. எங்கட பெடியன்கள் வாசிச்சுவிட்டுத் தவறான கத்தியைப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு போகக்கூடாது.

உங்கட ட்ராப்பரின் நீட்டு அலகையும் ஒருக்கால் அளந்து பாருங்கோ.

*

தம்பி,

அளந்தேன். அலகு மூன்றே கால் அங்குலம். கூர் ஓடும் இடத்தை மட்டும் நூல் பிடித்து அளந்தாலும் மூன்றைக் கொஞ்சம் தாண்டுகிறது. லண்டன் வந்தால் இதை வீட்டில் வைத்துவிட்டு, பேனாக்கத்தியோடு வருகிறேன். அதையும் விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, பெட்டியில்தான்.

நீங்கள் சொன்னது நியாயம். முதல் இடத்தில் ‘பூட்டில்லா வில்லுக்கத்தி’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு வில்லுக்கத்தி என்று சுருக்கிக்கொள்கிறேன். யாழ்ப்பாண வழக்கில் பொருள் இதைவிட அகலம் என்றும் அங்கேயே ஒரு வரி சேர்க்கிறேன். அப்புவின் சுருட்டையும் சேர்க்க அனுமதி உண்டா?

மற்றவர்களுக்கு: பாதியில் நிற்கும் அந்தத் தங்கலுக்கு இடைநிறுத்தம் என்று எழுதினேன், யாரோ வேலையை விட்டு அனுப்பியது போல் இருந்தது. இப்போதைக்கு அரைநிலை. திறந்த நிலை, அரைநிலை, மூடிய நிலை. இதைவிட நல்லது கைவசம் இருந்தால் செவ்வாய்க்குள் சொல்லுங்கள், முதல் பகுதியை அன்று அனுப்புகிறேன்.