எல்லைப்புற நடுகற்கள் பற்றிக் கட்டுரை வாசிக்கப் போகிறேன், ஒரு சந்தேகம்

கேள்வி (கல்தேடி):
கிருஷ்ணகிரி பக்கம் பள்ளி ஆசிரியர் நான். அடுத்த மாதம் வட்டார வரலாற்றுக் கருத்தரங்கு ஒன்றில் எங்கள் சுற்றுவட்டார நடுகற்கள் பற்றிக் கட்டுரை வாசிக்கிறேன். மொத்தம் ஆறு கல், அதில் இரண்டில் கன்னட எழுத்து. அந்த இரண்டையும் விட்டுவிடு, அது கர்நாடகாக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்கிறார் மூத்தவர் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. போன முறை வேறொரு இடத்தில் முன்னுரையைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள், அந்தப் பயம் வேறு.

பாராமகால்வாசி:
விடவே விடாதீர்கள் சார். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004இல்தான். அதற்கு முன்னால் நுளம்பபாடி என்று இருந்த இந்தப் பகுதிக்குச் சோழர்கள் நிகரிலிசோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். ஒய்சள மன்னன் ராமநாதன் திருச்சி பக்கத்துக் கண்ணனூரை விட்டுக் கடைசியில் உங்கள் பக்கத்துக் குந்தாணியில் வந்து உட்கார்ந்தான், 1792இல் திப்பு பாராமகாலை, அதாவது உங்கள் வட்டாரத்தை, கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இவ்வளவு கை மாறிய மண்ணில் ஒரு மொழிக் கல்லை மட்டும் பொறுக்கினால் அது என்ன எல்லைப்புற வரலாறு? ஆநிரை கவர்வதும் மீட்பதும் மேய்ச்சல் காட்டில் நடந்த சண்டை, அங்கே எவன் ஆட்சியும் அழுத்தமாக இருந்திருக்காது, அதனால்தான் கல் நிறைய. என்னைக் கேட்டால் அந்த இரண்டு கன்னடக் கல்தான் உங்கள் கட்டுரையே.

அப்புறம், யாராவது எழுந்து அமெரிக்க வரலாற்றாளர் டர்னர் பெயரை இழுப்பார்கள். 1893இல் சிக்காகோவில் கூடிய வரலாற்றாளர்கள் முன்னால் அமெரிக்க எல்லைப்புறம் பற்றி அவர் வாசித்த கட்டுரை அவ்வளவு பிரபலம். அவருக்கு மேற்கே கிடந்தது சும்மா கிடந்த நிலம், அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடிகள் கணக்கிலேயே வரவில்லை. நம் ஊரில் அந்தக் கதை ஓடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மைப்படி:
மணிக்கு ஒரே மருந்து, முன்னுரையைத் தூக்கிப் போடுவது. முதல் படமே கல்லாக இருக்கட்டும். தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி மை ஒற்றி எடுத்த படி ஒன்று கையில் இருந்தால் தேநீர் இடைவேளையில் நாலு பேர் தானாகச் சுற்றி நிற்பார்கள். என் அனுபவத்தில் உருப்படியான பேச்சு அங்கேதான் நடக்கும், மேடையில் இல்லை. நான் தப்பாகப் படித்திருந்த ஒரு ஊர்ப் பெயரைத் திருத்திவிட்டுப் போனவர் யாரென்றே எனக்கு இன்றுவரை தெரியாது, வடை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

எண்ணெய் ஏறின கல்லா? இருட்டினதும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள், பகலில் தெரியாத எழுத்து தெரியும். சுரண்டிவிடாதீர்கள், கும்பிடுகிற சாமி.

செங்கத்தான்:
எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பார்த்திருக்கிறீர்களா? பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காக்கப் போய் விழுந்த வீரனோடு, கள்ளனைக் கடித்த அவன் நாய்க்கும் அதே கல்லில் இடம், பெயரோடு. வரலாற்றில் பெயர் பதிந்த நாய்! ஒப்பிட்டுக் காட்ட ஒரு படம் போடுங்கள், தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள்.

கல்தேடி:
எல்லோருக்கும் நன்றி. கன்னடக் கல் இரண்டும் உள்ளே வந்தாச்சு, தலைப்பில் இருந்த மாவட்டப் பெயரையும் எடுத்துவிட்டேன். அதில் ஒன்றை ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், முகம் முழுக்க மஞ்சள். டார்ச்சோடு வரலாமா என்று பூசாரியிடம் கேட்டேன், வெள்ளிக்கிழமை பூசை முடியட்டும், வா என்றார். எழுத்தில் என்ன இருக்கிறதென்று தனக்கும் சொல்ல வேண்டுமாம்.