புதுப்பிப்பு: இ46 சப்ஃப்ரேம் புஷ், கடைசியில் ரப்பரே

கிளட்சை விடும்போது பின்னாலிருந்து 'டங்' என்று சத்தம், பின் சப்ஃப்ரேமை (பின் சக்கர அமைப்பைத் தாங்கும் உலோகச் சட்டம்) பாடியோடு இணைக்கும் புஷ்ஷை, அதாவது நடுவில் உலோகக் குழாய் வைத்த அதிர்வு தாங்கும் உருளையை, ரப்பரில் போடுவதா, அதைவிடக் கெட்டியான பாலியூரிதேனில் போடுவதா என்று கேட்டிருந்தேன் அல்லவா? கார் 2002 பிஎம்டபிள்யூ இ46. வேலை முடிந்தது.

நான்கில் இரண்டு புஷ்ஷில் ரப்பர் நடுக்குழாயை விட்டே கிழிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனை தாராளமாக உள்ளே போனது. சப்ஃப்ரேமை இறக்கியதும் முதல் வேலையாக டிக்கியின் அடித்தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். இ46-இல் சப்ஃப்ரேம் போல்ட் அந்தத் தகட்டில் ஏறும் இடங்களில் விரிசல் விடுவது தெரிந்த கதைதான். நல்லவேளை, எதுவும் இல்லை.

பாலி ஆயுசுக்கும் உழைக்கும் என்றார்கள். உழைக்கட்டும். ஆனால் டிஃப்ரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) முனகலையும் சேர்த்து கேபினுக்குள் அனுப்பிவிடும். ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு அது எதற்கு? ஒரிஜினல் வகை ரப்பரே வாங்கினேன்.

அப்புறம் ஒன்று: புஷ்ஷின் ரப்பரில் விட்டிருக்கும் இடைவெளிக்குத் திசை உண்டு. பழையதைப் பிடுங்கும் முன் சப்ஃப்ரேமில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலிய வகை கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும்.

சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. இப்போதுதான் முன்பக்கக் கிறீச் காதில் விழுகிறது!