தண்ணீரில் விட்டதும் நைட்ரோ எஞ்சின் நிற்கிறது, உள்ளே பெயிண்டும் உரிகிறது. அவசரம்

ஏரிக்கரை, கொழிஞ்சாம்பாறை
அண்ணன்மார்களே, உதவி வேண்டும். ரிமோட்டில் ஓட்டுகிற நைட்ரோ மாடல் படகு (மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடுவது) கட்டி முடித்துவிட்டேன். ஸ்டாண்டில் வைத்து ஓட்டினால் எஞ்சின் அருமையாக ஓடுகிறது. ஏரியில் விட்டு த்ராட்டில் கொடுத்தால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை மாற்றியும் பார்த்தாயிற்று. அப்புறம் எஞ்சின் உட்காரும் இடத்தில் அடித்த பெயிண்ட் பிசுபிசுவென்று உரிந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன்கள் வருகிறார்கள், ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பொள்ளாச்சி நைட்ரோ
தம்பி, எத்தனை சிசி எஞ்சின்? எரிபொருளில் நைட்ரோ எத்தனை சதவீதம், என்ன எண்ணெய்? ப்ராப் (ப்ரொப்பெல்லர்) என்ன அளவு? புது எஞ்சினா, பழையதா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

மழைக்காடு, மூணாறு
எரிபொருள் டின்னைச் சரியாக மூடாமல் வைத்திருந்தீர்களா? மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஊர் மழையில் பாதி காலியான டின் சில வாரங்களிலேயே கெட்டுவிடுகிறது. ஸ்டாண்டில் சுமை இல்லாததால் சமாளித்து ஓடும், தண்ணீரில் சுமை ஏறியதும் பிளக் அணைந்துவிடும். முதலில் புது டின் உடைத்துப் பாருங்கள்.

மூத்த துடுப்பு, நாகர்கோவில்
இது லீன், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதவில்லை. இதில் ஆராய ஒன்றுமில்லை. ஸ்டாண்டில் ட்யூன் செய்துவிட்டு அப்படியே தண்ணீரில் விடுகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் நடக்கும். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் மெயின் நீடிலைத் திறந்து, நல்ல புகை வரும்படி விட்டு, தண்ணீரில் ஓட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். இந்த அடிப்படை தெரியாதவர்கள் எலக்ட்ரிக் படகில் ஆரம்பிப்பது நல்லது. நைட்ரோ எல்லோருக்கும் ஆனதல்ல.

வேலந்தாவளம் குமார்
மூத்தவரே, புதிதாக வருகிறவரை வாசலிலேயே இப்படி மறித்தால் நாளைக்கு இங்கே கேள்வி கேட்க யாரும் வர மாட்டார்கள். நீங்கள் சொன்ன ட்யூனிங் முறை சரிதான். அதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

ஏரிக்கரை, கொழிஞ்சாம்பாறை
3.5 சிசி, வாட்டர் கூலிங், புதுசு. எரிபொருள் கோவையில் ஒரு நண்பர் தந்தது, விளக்கெண்ணெய் கலந்தது என்றார். ப்ராப் எஞ்சினோடு வந்ததுதான். நீடில் இரண்டு சுற்று திறந்து பார்த்தேன், புகை நிறைய வருகிறது. இருந்தும் நிற்கிறது.

பொள்ளாச்சி நைட்ரோ
விளக்கெண்ணெய் என்றால் எது? கடையில் வாங்குகிற நாட்டு விளக்கெண்ணெயா, பிசின் நீக்கிய ஆமணக்கெண்ணெயா? நாட்டு எண்ணெயைக் கொட்டையை வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து எடுப்பார்கள். ஈரமும் கசடும் அதில் தங்கிவிடும். மற்றபடி ஆமணக்கெண்ணெய்க்கு ஈடு எதுவும் இல்லை. எஞ்சின் லீனாகிச் சூடேறினால் சிந்தெடிக் எண்ணெய் எரிந்துபோகும். ஆமணக்கெண்ணெய் கெட்டியாகிப் படலமாக ஒட்டிக்கொண்டு பேரிங்கையும் ஸ்லீவையும் (சிலிண்டரின் உட்சுவர்) காப்பாற்றும். சர்வதேச மாடல் விமானப் போட்டிகளில் சில பிரிவுகளுக்கு இன்றைக்கும் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கெண்ணெய்தான் கணக்கு.

மழைக்காடு, மூணாறு
அந்தப் படலம்தான் அப்புறம் அரக்காக மாறி பிஸ்டனைப் பிடித்துக்கொள்கிறது. நான் சிந்தெடிக் மட்டும் ஊற்றுகிறேன், எஞ்சின் உள்ளே பளிச்சென்று இருக்கிறது.

பொள்ளாச்சி நைட்ரோ
பளிச்சென்று இருப்பதும் நீண்ட நாள் உழைப்பதும் ஒன்றல்ல. தண்ணீர் உறிஞ்சும் துளையில் பாசி அடைத்தால் அரை நிமிடத்தில் ஹெட் கொதிக்கும். அந்த அரை நிமிடத்தில் உங்கள் சிந்தெடிக் என்ன செய்யும்?

மழைக்காடு, மூணாறு
ஓடும்போது வெளியே தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவனுக்கு அந்த அரை நிமிடம் வராது. சரி, பாதிக்குப் பாதி கலந்தால் இருவருக்கும் நியாயம். அதற்கு மேல் நான் இறங்க மாட்டேன்.

வேலந்தாவளம் குமார்
எண்ணெய்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெத்தனால் டின்னைக் காரில் போட்டுக்கொண்டு வாளையாறு, வேலந்தாவளம் சோதனைச் சாவடிகளைத் தாண்டாதீர்கள். அது விஷப்பொருள், உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பொழுதுபோக்குக்கு என்று நீங்கள் சொன்னால் எந்தக் காவலர் நம்புவார்? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருவதால் இன்னொன்று: மெத்தனால் தீப்பிடித்தால் பகலில் சுடரே தெரியாது. டின்னைப் பூட்டி வையுங்கள், நிரப்பும்போது ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், ப்ராப் சுற்றும்போது யாரும் பின்பக்கம் நிற்க வேண்டாம்.

புத்தூர் லேத்
ஏரிக்கரைத் தம்பி, நான் ஆந்திரா புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், படகு ஷாஃப்ட் (எஞ்சின் சுற்றை ப்ராப்புக்குக் கொண்டுபோகும் தண்டு) வேலையும் செய்கிறேன். உங்களிடம் ஒரே கேள்வி: நிற்கும்போது எஞ்சின் எப்படி நிற்கிறது? லீன் என்றால் சத்தம் ஒரு நொடி உச்சிக்கு ஏறி, புகை குறைந்து, பட்டென்று அணையும். ரிச் (எரிபொருள் கூடியது) என்றால் கொரகொரவென்று புகை கக்கிக்கொண்டே சாகும். டேங்க் எரிபொருள் நுரைத்தால் விட்டுவிட்டு இருமும். யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல் சத்தம் சடக்கென்று அறுந்தால் எரிபொருள் பக்கமே போக வேண்டாம், ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

ஏரிக்கரை, கொழிஞ்சாம்பாறை
கடைசியாகச் சொன்னதுபோல்தான். சடக்.

மூத்த துடுப்பு, நாகர்கோவில்
ஷாஃப்ட் இறுக்கம் என்றால் ஸ்டாண்டிலும் தெரியுமே. ஃப்ளைவீலைக் கையால் சுற்றினால் போதும், தெரிந்துவிடும்.

புத்தூர் லேத்
தெரியாது ஐயா, அதனால்தான் பலர் இதில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஷாஃப்ட்டாக வேலை செய்கிற ஃப்ளெக்ஸ் கேபிள் என்பது கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிச் சுற்றியது. ப்ராப் தண்ணீரைக் கடிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் முறுக்குகிறது, ப்ராப் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கிறது. கேபிள் மேலும் முறுக்கேறி நீளத்தில் சுருங்குகிறது. அதன் முன்முனை கேபிளைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டில் எஞ்சினோடு பூட்டியிருப்பதால் பின்முனைதான் முன்னால் வரும். ப்ராப்புக்கு முன்னால் இருக்கிற டிரைவ் டாக் (ப்ராப்பைப் பிடித்துச் சுற்றும் துண்டு) வந்து ஸ்ட்ரட்டின் (படகின் பின்னால் ஷாஃப்ட்டைத் தாங்கும் தாங்கி) பின்முகத்தில் அழுந்தும். அங்கே இடைவெளி இல்லையென்றால் பிரேக் போட்ட மாதிரி நிற்கும். நின்றதும் சுமை போய்விடுகிறது, கேபிள் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது, கையால் சுற்றினால் வழவழவென்று சுற்றும். ஸ்டாண்டில் ப்ராப் காற்றில் சுற்றுவதால் சுமையே இல்லை, அங்கேயும் பிடிபடாது.

தம்பி, ப்ராப்பைக் கழற்றி ஸ்ட்ரட்டின் பின்முகத்தையும் டாக்கின் முன்முகத்தையும் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த வளையம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கோலெட்டைத் தளர்த்தி, கேபிளைப் பின்னால் தள்ளி, டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் நான்கு மிமீ விட்டு மறுபடி இறுக்குங்கள். 3.5 சிசிக்கு அது போதும். கேபிள் கோலெட்டுக்குள் முழு நீளத்துக்கும் பிடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நுனியை மட்டும் பிடித்திருந்தால் முதல் வேகத்திலேயே உருவிக்கொண்டு ப்ராப்போடு ஏரிக்குள் போய்விடும்.

வேலந்தாவளம் குமார்
பெயிண்ட்டை எல்லோரும் மறந்துவிட்டோம். என்ன பெயிண்ட் தம்பி?

ஏரிக்கரை, கொழிஞ்சாம்பாறை
ஸ்ப்ரே டப்பா. ஹார்டுவேர் கடையில் வாங்கியது. மேலே நன்றாக நிற்கிறது, உள்ளேதான் போகிறது.

வேலந்தாவளம் குமார்
மேலேயும் நிற்காது, எரிபொருள் வழியும் நாள் வரைக்கும்தான். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் நல்ல கரைப்பான்கள், சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் அவற்றின் முன் தாங்காது. உள்ளே இருப்பதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். பிளைவுட் எண்ணெய் குடித்திருக்கும், தின்னர் நனைத்த துணியால் துணியில் கறை வராத வரை துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். எண்ணெய் இருக்கிற மரத்தில் எபாக்சி பிடிக்காது. பிறகு மெல்லிய எபாக்சி இரண்டு பூச்சு. மூலை, எஞ்சின் மவுண்ட் ஓரம், கேபிள் ஓடும் ஸ்டஃபிங் ட்யூப் நுழையும் துளை எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் தேய்த்து ஏற்றுங்கள். படகின் ஆயுள் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது, வெளிப்பளபளப்பில் இல்லை.

நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வருகிற மாதங்களில் காய்ந்த எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு படியும். அதைக் கழுவாமல் சாண்ட் செய்தால் போகாது, எபாக்சிக்குள்ளேயே தேய்ந்து ஏறிவிடும். முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக் கழுவுங்கள், பிறகு 220 உப்புத்தாள், அப்புறம் 400. மேலே அடிக்க, கார் பெயிண்ட் கடையில் ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே பாலியூரித்தேன் கேளுங்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் போட்டுக்கொண்டு அடிக்காதீர்கள். சரியான ரெஸ்பிரேட்டர் இல்லையென்றால் பட்டறைக்காரரிடமே கொடுத்து அடித்து வாங்குங்கள். எதை அடித்தாலும் ஒரு துண்டு மரத்தில் அடித்துக் காயவைத்து, அதன்மேல் உங்கள் எரிபொருளை ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு வைத்துப் பாருங்கள். மறுநாள் நகத்தால் கீறினால் தெரிந்துவிடும்.

ஞாயிறுக்குள் இது முடியாது. முடிந்ததாகக் காட்ட வேண்டும் என்று ஈரமான எபாக்சி மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

மூத்த துடுப்பு, நாகர்கோவில்
உள்ளே மிதவைப் பஞ்சு வைத்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. எஞ்சினோடு கவிழ்ந்தால் நேராக அடிக்குப் போகும். நீச்சல் பழகும் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிற ஃபோம் குழாயை வெட்டி முன்பக்கம் நிரப்புங்கள். ரிசீவரில் ஃபெயில்சேஃப் வைத்து, சிக்னல் போனால் த்ராட்டில் மூடும்படி செய்யுங்கள்.

ஏரிக்கரை, கொழிஞ்சாம்பாறை
வளையம் இருந்தது. நான்கு மிமீ விட்டேன். ஓடுகிறது, டேங்க் காலியாகும் வரை ஓடியது. ஃபோம் போட்டாயிற்று. பெயிண்ட் அடுத்த மாதம். நன்றி அண்ணா.

புத்தூர் லேத்
நல்லது தம்பி. ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் கேபிளை உருவித் துடைத்து, மெரைன் கிரீஸ் தடவிப் போடுங்கள். ட்யூபுக்குள் நின்ற தண்ணீர் கேபிளை உள்ளிருந்தே துருவாக்கும்.

செங்கோட்டை படகு
எனக்கும் இதே சடக். 7.5 சிசி. அதே நான்கு மிமீ போதுமா?

புத்தூர் லேத்
ஆறு விடுங்கள். எந்த ப்ராப், எவ்வளவு நீளக் கேபிள் என்று சொல்லுங்கள்.