டோட்டல் ஏமாற்றிய கதைகள்: ஜாயின் போட்டு, குரூப் பை போட்டு, சம் எடுத்தவர்கள் வரவும்

ஈரோடு_ரிப்போர்ட்

குரூப் பை என்றால் என்ன என்று இங்கே நீட்டி விளக்கப் போவதில்லை: டேட்டாபேஸில் டேபிள்களை இணைப்பது ஜாயின், ரோக்களை வகைவாரியாகச் சேர்ப்பது குரூப் பை, கூட்டுவது சம். தெரிந்தவர்களுக்கான இழை இது.

ஜவுளி மொத்த வியாபாரம். பில்லுக்கு ஒரு டேபிள், பில்லில் உள்ள ஐட்டங்களுக்கு ஒன்று, பார்ட்டி கட்டிய பணத்துக்கு ரிசீட் டேபிள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிவைத்த பாக்கி ரிப்போர்ட் என் தலையில் விழுந்தது. மூன்றையும் ஒரே கொயரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஜாயின் செய்து, பார்ட்டிவாரியாக ஐட்டம் தொகைக்கு ஒரு சம், ரிசீட் தொகைக்கு ஒரு சம், கழித்தால் பாக்கி. பூஜ்யத்துக்கு மேல் இருந்தால்தான் லிஸ்டில் வரும்படி ஹேவிங்.

முதலாளி பிரிண்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "தம்பி, கரூர் பார்ட்டி எங்கே காணோம்?"

லிஸ்டில் இல்லை. அப்படியென்றால் பாக்கி இல்லை என்று சொன்னேன். "எனக்குத் தெரியாம எப்போய்யா கட்டுனான்?" என்று கேட்டாரே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பிரித்துப் பார்த்தேன். அந்தப் பார்ட்டிக்கு ஒரே பில், 60,000 ரூபாய். ஐட்டம் மூன்று: 10,000, 20,000, 30,000. ரிசீட் இரண்டு: 25,000, 15,000. உண்மையான பாக்கி 20,000. ஆனால் ஐட்டமும் ரிசீட்டும் பில் நம்பரில் மட்டும் சேர்வதால் மூன்றுக்கு இரண்டு, ஆறு ரோ. ஐட்டம் சம் இரண்டு மடங்காகி 1,20,000. ரிசீட் சம் மூன்று மடங்காகி அதுவும் 1,20,000. கழித்தால் சுத்தமாகப் பூஜ்யம்! ஹேவிங் பேரையே தூக்கிவிட்டது.

எல்லாத் தொகையும் ஒரே மாதிரி இரண்டு மடங்காகியிருந்தால் யாராவது என்றைக்கோ பிடித்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒவ்வொரு விதமான தப்பு. இப்படிச் சத்தமில்லாமல் காணாமல் போன பார்ட்டிகள் எத்தனை பேர் என்பதுதான் என்னை அரிக்கிறது.

இரவுஷிப்ட்

இந்த வீக்கத்துக்கு வைத்தியம் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூட ஃபீஸ் சாஃப்ட்வேர். மாணவர் டேபிளோடு பெற்றோர் போன் நம்பர் டேபிளையும் ஜாயின் செய்திருந்தார்கள், எஸ்எம்எஸ் அனுப்ப. அப்பா நம்பர், அம்மா நம்பர் இரண்டும் கொடுத்த பிள்ளைக்கு ஃபீஸ் இரட்டிப்பானது. டீம் லீட் பார்த்தார், சம்முக்குள் டிஸ்டிங்க்ட் போட்டார், டெஸ்ட் பாஸ், கிளம்பிவிட்டார்.

டெஸ்ட் டேட்டாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 501, 502, 503 என்று வேறு வேறு தொகை. நிஜத்தில் லேப் ஃபீஸ் எல்லோருக்கும் 500. ஒரு வகுப்பில் 40 பேர், 20,000 வர வேண்டும். அலுவலகத்து அக்கவுண்டன்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். "ஏங்க, மொத்த கிளாஸுக்கே 500 ரூபாதானா?"

டிஸ்டிங்க்ட்டுக்கு யாருடைய 500 என்பது தெரியாது. ஒரே தொகை என்றால் ஒன்றுதான் எண்ணும்.

பழைய_ஆரக்கிள்காரன்

முன்னால் எழுதியவர்களைத் திட்டுவது சுலபம். ஈரோட்டுக்காரரே, அந்த ரிப்போர்ட்டை நீங்கள் எத்தனை மாதம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தீர்கள்?

இன்னொன்று. ஒரு ரூபாய்கூடக் கட்டாத பார்ட்டி என்ன ஆனது? ரிசீட்டை லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாத ரோவையும் விடாத ஜாயின்) செய்திருந்தாலும் சம் நல் (NULL, மதிப்பே இல்லை) என்று வரும். தொகையிலிருந்து நல்லைக் கழித்தால் நல். நல் பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று கேட்டால் ஹேவிங் அதை உள்ளே விடாது. அவர்களும் காணாமல் போயிருக்க வேண்டுமே? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் அனுபவம் சின்னது: கிடங்கு ரிப்போர்ட், இதே சிக்கல், ஆடிட்டர் பிடித்தார். அவ்வளவுதான். அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கங்களைச் சொல்கிறேன், இளைஞர்களுக்கு உதவும்.

கொயரி எழுதும் முன் ஒவ்வொரு டேபிளிலும் ஒரு ரோ என்பது எதைக் குறிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பில்லா, பில்லில் ஓர் ஐட்டமா, ஒரு தவணையா? ஒரு பில்லுக்குப் பல ரோ உள்ள டேபிள்கள் இரண்டை ஒரே ஜாயினில் சந்திக்க விடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சப்கொயரியிலோ (கொயரிக்குள் கொயரி) WITH போட்டோ பில்வாரியாகச் சுருக்கி, பில்லுக்கு ஒரு ரோ என்று ஆக்கிய பிறகு ஜாயின் செய்யுங்கள். அடுத்து, சம் போடும் முன் வெறும் கவுண்ட் எடுங்கள். ஐட்டம் டேபிளில் இருந்ததைவிட ஜாயினுக்குப் பிறகு ரோ கூடியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து, இன்னொரு டேபிளில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஜாயின் எதற்கு? எக்ஸிஸ்ட்ஸ் போதும், ரோ பெருகாது. அந்தப் பள்ளிக்கூடக் கொயரியில் போன் டேபிளுக்கு வேலையே இல்லை, எஸ்எம்எஸ்ஸுக்குத் தனிக் கொயரி எழுதியிருக்கலாம். அப்புறம், பணத்தை ஃப்ளோட்டில் (தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) வைக்காதீர்கள், டெசிமலில் வையுங்கள். கிளை கிளையாக எடுத்த சராசரிகளை மறுபடி சராசரி எடுக்காதீர்கள், தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியே கூட்டிக் கடைசியில் வகுங்கள். இதெல்லாம் செய்தால் இந்த இழைக்கே வேலையில்லை.

பால்_கணக்கு

அண்ணே, நாங்கள் கதை கேட்க வந்தோம், நீங்கள் கிளாஸ் எடுத்துவிட்டீர்கள். என் கதை ஒரு கிராமத்துப் பால் சொசைட்டி. உறுப்பினர் டேபிள், காலை மாலை ஊற்றிய பால் டேபிள். பட்டுவாடா ரிப்போர்ட் பெயர்வாரியாக குரூப் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் குலதெய்வத்தின் பேரைத்தான் தலைமுறை தலைமுறையாக வைப்பார்கள். இனிஷியலும் ஒன்றாக இருப்பது சாதாரணம். ஒரே தெருவில் இரண்டு எஸ். அய்யனார்.

பட்டுவாடா அன்று ஒரு அய்யனார் கையெழுத்துப் போட்டு இரண்டு பேர் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏமாற்றவெல்லாம் இல்லை, கொடுத்ததை வாங்கினார். அடுத்த அய்யனார் வந்து நின்றபோது கிளார்க் லிஸ்டைத் திருப்பிக் காட்டுகிறார்: "உங்க பேருக்கு எதிர்ல கையெழுத்து இருக்குதே."

வந்து நின்ற அய்யனாரோ கைநாட்டு வைக்கிறவர்.

மொத்தத் தொகை ஒரு பைசாகூடப் பிசகாமல் சரியாக இருந்தது. அதனால் ஆரக்கிள்காரர் சொன்ன கவுண்ட் சோதனையும் இங்கே எதையும் பிடித்திருக்காது. உறுப்பினர் எண்ணில் குரூப் செய்து பெயரைக் கூடக் காட்டுவதுதான் வழி. இரண்டாவது அய்யனாருக்குப் பணம் கிடைத்துவிட்டது. ஆனால் முதல் அய்யனாரிடம் போய்க் கேட்டு வாங்கினார்கள், தெருவே பார்க்க.

மைசீக்வல்_மாமா

மேலே சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணில் குரூப் செய்து பெயரைக் காட்டலாம், சரி. எண் பிரைமரி கீயாக (ஒவ்வொரு ரோவுக்கும் தனி அடையாளம்) இருந்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.1-லிருந்து ஒத்துக்கொள்கிறது, மைசீக்வல் 5.7.5-லிருந்து அதுவும் புரிந்துகொள்கிறது. ஆனால் அதற்கு முந்தைய மைசீக்வல், செட்டிங்கை மாற்றாவிட்டால், எதைக் காட்டச் சொன்னாலும் காட்டும். குரூப்பில் இல்லாத ஃபீல்டைக் கேட்டால், அந்தக் குரூப்பிலிருந்து ஏதோ ஒரு ரோவின் மதிப்பை எடுத்துக் கொடுக்கும். எந்த ரோ என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

நான் பார்த்தது ஒரு கூரியர் ஏஜென்சி. ஏரியாவாரியாக பாக்கித் தொகை, பக்கத்தில் ஒரு போன் நம்பர். அந்த நம்பர் ஏரியாவில் ஏதோ ஒரு வாடிக்கையாளருடையது. வசூல் பையன் அதைக் கூப்பிட்டு மொத்த ஏரியாவின் பாக்கியையும் அவரிடம் கேட்டிருக்கிறான். மறுமுனையில் இருந்தவர் ஒரு கவர் மட்டும் அனுப்பிய ரிட்டையர்டு வாத்தியார். அவர் அலுவலகத்துக்கே வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், "நான் என்ன இந்த நகருக்கே ஜாமீனா?" என்று கேட்டார்.

5.7-க்கு மாறியதும் அந்தக் கொயரி எர்ரர் காட்டியது. நல்லதுதானே? இல்லை. யாரோ நெட்டில் பார்த்து, சர்வர் செட்டிங்கில் ஒன்லி ஃபுல் குரூப் பை என்பதை, அதாவது அந்த எர்ரரைத் தரும் காவலையே, நீக்கிவிட்டார்கள். எர்ரர் போய்விட்டது, போன் நம்பர் மறுபடி வந்துவிட்டது. எனக்கு வாத்தியாரைவிட இதுதான் ஆறவில்லை.

கிளை_மூடியாச்சு

சின்னது. நகைக்கடை அல்ல, ஆனால் அந்த மாதிரிப் பல கிளைகள் உள்ள கடை. விற்பனையே இல்லாத கிளையும் ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று வர வேண்டும் என்றார்கள். லெஃப்ட் ஜாயின் போட்டிருந்தது. ஆனால் தேதிக் கண்டிஷனை WHERE பகுதியில் எழுதியிருந்ததால், விற்பனை இல்லாத கிளைக்குத் தேதி நல், கண்டிஷனில் அடிபட்டுப் போனது. லெஃப்ட் ஜாயின் போட்டும், ஜோடி உள்ளவை மட்டும் வரும் இன்னர் ஜாயின் கதைதான். ஒருவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு கண்டிஷனை ஜாயினின் ON பகுதிக்கு மாற்றினார். கிளைகள் எல்லாம் வந்தன.

காலையில் மேனேஜரின் போன்: "பெயின்ட் அடிக்க ஒரு மாசமா மூடிக் கிடக்கிற கடையில ஒரு பில் எப்படிப்பா விழும்?"

கவுண்டுக்குள் நட்சத்திரம், அதாவது COUNT(*): எல்லா ரோவையும் எண்ணும். ஜோடி கிடைக்காத கிளைக்கும் ஒரு ரோ உண்டல்லவா, அது அதை ஒன்று என்று எண்ணிவிட்டது. பில் நம்பரை எண்ணச் சொல்லியிருந்தால் நல்லை விட்டுவிட்டுப் பூஜ்யம் காட்டியிருக்கும். ஆனால் மேனேஜர் அதற்குள் அங்கே வாட்ச்மேனை விசாரித்துவிட்டார்.

கோயம்பேடு_3மணி

தேதியும் ஏமாற்றும். கோயம்பேட்டில் ஒரு காய்கறி மொத்த வியாபாரி. வியாபாரம் பெரும்பாலும் விடிவதற்குள் முடிந்துவிடும். சர்வரில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்). நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே காலை ஐந்தரைக்கு முன் போட்ட பில் எல்லாம் முந்தைய தேதியில் குரூப் ஆகும். அதோடு நிற்கவில்லை, தினசரி விலை டேபிளைத் தேதியில் ஜாயின் செய்திருந்தார்கள். இன்றைய தக்காளிக்கு நேற்றைய விலையில் கமிஷன்.

மறுநாள் விடியற்காலை வியாபாரம் லீவு நாள் தேதியில் விழுவதால், கடைக்கு லீவு விட்ட நாளில்தான் ரிப்போர்ட்டில் விற்பனை அதிகம். கிராஃபைப் பார்த்துவிட்டு அவர் மகன் கேட்டான்: "அப்போ தினமும் லீவு விடலாமா?"

பழைய_ஆரக்கிள்காரன்

இது ஜாயின் பிரச்சினையே இல்லை, நேர மண்டலப் பிரச்சினை. இழை திசை மாறுகிறது. ஈரோட்டுக்காரர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

கோயம்பேடு_3மணி

விலை டேபிளில் ஜாயின் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன் சார். படித்துவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு_ரிப்போர்ட்

பதில் சொல்கிறேன் சார். ரிசீட் சம்மில் கோஅலெஸ் இருந்தது, நல் வந்தால் பூஜ்யம். ஆகவே ஒன்றுமே கட்டாதவர்கள் சரியான தொகையோடு லிஸ்டில் வந்தார்கள். ரிசீட்டே இல்லையென்றால் ஐட்டம் ரோக்கள் பெருகவும் வழியில்லை. பெரிய பாக்கிக்காரர்கள் சரியாக வந்ததால்தான் எல்லோரும் அந்த லிஸ்டை நம்பினார்கள். பாதி கட்டியவர்கள்தான் தப்பித்தார்கள்.

நீங்கள் சொன்ன மாதிரி இரண்டையும் தனித்தனியே சுருக்கி ஜாயின் செய்தேன். கரூர் பார்ட்டி 20,000 உடன் வந்துவிட்டார். இப்போது வேறு சிக்கல். பில் நம்பர் இல்லாமல் ஆன் அக்கவுண்ட் என்று வாங்கிய ரிசீட் பல இருக்கின்றன. பில்லோடு ஜாயின் ஆகாததால் அவை வெளியே நிற்கின்றன. இரண்டு பக்கமும் ஜோடி இல்லாதவற்றையும் கொண்டுவரும் ஃபுல் அவுட்டர் ஜாயின் மைசீக்வலில் கிடையாது.

கணக்குப்பிள்ளை

நான் புரோகிராமர் இல்லை, டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இருந்து இந்தப் பக்கம் வந்தவன். இதற்கு ஜாயின் எதற்கு? லெட்ஜர் போடுகிற மாதிரி போடுங்கள். ஐட்டம் ரோக்களைப் பார்ட்டி எண்ணோடு பிளஸ் தொகையாக எடுங்கள். ரிசீட் ரோக்களைப் பார்ட்டி எண்ணோடு மைனஸ் தொகையாக எடுங்கள். யூனியன் ஆல் போட்டு ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, பார்ட்டி எண்ணில் குரூப் செய்து ஒரே சம். ஆல் என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஒரே பார்ட்டியின் ஒரே தொகையுள்ள இரண்டு ரிசீட் ஒன்றாகிவிடும், இரவுஷிப்ட் சொன்ன 500 ரூபாய் கதைதான்.

ஈரோடு_ரிப்போர்ட்

போட்டேன். மொத்தம் முதலாளியின் சிவப்பு நோட்டோடு டேலி ஆகிறது. ஹேவிங்கையும் எடுத்துவிட்டேன், இரண்டு பார்ட்டிக்கு மைனஸில் வருகிறது. அட்வான்ஸ் என்கிறார். அதில் ஒருவர் பேர் நோட்டில் இல்லை, நாளைக்குக் கேட்க வேண்டும்.