டப்பில் தண்ணீர் ஒருமுறை வலஞ்சுழி, ஒருமுறை இடஞ்சுழி: கோரியாலிஸ் மாதிரிக்கு உதவி வேண்டும்

கேள்வி (தக்கலை)
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்கு, பூமி சுழல்வதால் காற்றும் நீரும் விலகுவதை (கோரியாலிஸ் விளைவு) காட்ட வேண்டும். 40 செ.மீ. விட்டமுள்ள டப், நடுவில் 1 செ.மீ. துளை, 15 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். அடைப்பை எடுத்தால் சுழி வருகிறது, ஆனால் திசை மாறி மாறி வருகிறது. வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகத்தானே வரணும்? கோளாறு எங்கே?

பதில் (நாகர்கோவில்)
டப்பில் கோளாறு இல்லை சார், எதிர்பார்ப்பில்தான். நம்ம அட்சரேகை 8 டிகிரி சொச்சம். அதன் சைன் 0.14. துருவத்தில் கிடைப்பதில் ஏழில் ஒரு பங்கு சுழற்சிதான் இங்கே. உங்கள் டப்பின் விளிம்பில் அது மணிக்கு 7 மி.மீ. நகர்வுக்குச் சமம். ஹோஸ் வைத்து நிரப்பும்போது தண்ணீர் வாங்கிய சுற்று நொடிக்கே சில மி.மீ. இருக்கும். ஹோஸை எந்தப் பக்கம் சாய்த்தீர்களோ அந்தப் பக்கம் சுழிக்கும்.

அமெரிக்காவில் ஆஷர் ஷாபிரோ என்ற பேராசிரியர் 1962-இல் இதை உண்மையிலேயே காட்டினார். 42 டிகிரி அட்சரேகை, சுமார் 1.8 மீட்டர் அகலத் தொட்டி, மூடி வைத்து 24 மணி நேரம் அசையாமல் விட்டார். அப்படியும் 12 நிமிடத்துக்கு மேல் வடிந்த பிறகுதான் இடஞ்சுழி கண்ணுக்குப் பட்டது. கண்காட்சி அரங்கில், அதுவும் தக்கலையில், நடக்காது.

பதில் (முட்டம்)
அவ்வளவு சோனியான விசைன்னா 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் நம்ம கரைக்குத் தெற்கே எப்படிச் சுழன்றது? வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் விலகுகிற காற்று ஏன் இடஞ்சுழியாகப் போகிறது?

பதில் (நாகர்கோவில்)
நேரமும் அளவும்தான் விஷயம். டப் எட்டு நிமிடத்தில் வற்றிவிடும். நம்ம அட்சரேகையில் ஓடும் நீரை கோரியாலிஸ் மட்டும் ஒரு முழு வட்டம் திருப்ப சுமார் 85 மணி நேரம் பிடிக்கும். புயலோ நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம், நாட்கணக்கில் வாழ்வது.

இரண்டாவது கேள்விதான் பிள்ளைகள் தடுமாறும் இடம். தாழ்வழுத்த மையத்தை நோக்கி நாலாபக்கமும் காற்று பாய்கிறது. ஒவ்வொன்றும் வலப்பக்கம் விலகி மையத்தைத் தவறவிடுகிறது. மையம் அதற்கு இடக்கைப் பக்கம் நின்றுவிடும். அதனால் மொத்தமும் இடஞ்சுழி. மையம் நமக்குத் தெற்கே போனால் கரையில் கிழக்குக் காற்று அடிப்பதும் இதனால்தான்.

கடலிலும் அதே கதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையோரமாக வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மேல்நீரை அதன் வலப்பக்கம், அதாவது ஆழ்கடல் பக்கம், தள்ளும். அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே ஏறும். சாளை மீனுக்குத் தீனி அதில்தான்.

பதில் (மார்த்தாண்டம்)
பூமியை விட்டுவிட்டுத் தட்டைச் சுழற்றுங்கள். கேக் அலங்கரிக்கும் 30 செ.மீ. சுழல்மேசை (பேரிங் உள்ளது), அதன் மேல் தட்டை அடியுள்ள 30 செ.மீ. கண்ணாடிப் பாத்திரம். ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். சாய்ந்தால் தண்ணீர் அலம்பும், எல்லாம் கெடும். 12 வோல்ட், 10 ஆர்.பி.எம். (நிமிடத்துக்குப் பத்துச் சுற்று) கியர் மோட்டாரில் 3 செ.மீ. ரப்பர் சக்கரம் மாட்டி மேசை விளிம்பில் அழுத்தினால் நிமிடத்துக்கு ஒரு சுற்று கிடைக்கும். மோட்டாரை மெதுவாக்க வோல்டேஜைக் குறைக்காதீர்கள், திக்கித் திக்கி ஓடும்.

7 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 10 செ.மீ. நிற்கும். 25 நிமிடம் சுற்ற விடுங்கள். நீர் மேசையோடு சேர்ந்து திரும்பும்வரை எதுவும் தெரியாது. பிறகு நடுவில் ஐஸ் போட்ட டின், மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கல். மேலே காகிதப் பஞ்ச் துணுக்குகள், அடியில் நாலைந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகங்கள். நடுவில் குளிர்ந்த நீர் அடியில் இறங்குவதால் மேல்நீர் ஐஸை நோக்கி வந்து இடஞ்சுழியாகச் சுற்றும். அடியில் நிறம் வெளிநோக்கிப் போய் எதிர்ப்பக்கம் வளையும். மொபைலை மேசையோடு சேர்த்தே பொருத்திப் படமெடுங்கள். தரையில் நின்று பார்த்தால் விலகல் பிடிபடாது.

கேள்வி (தக்கலை)
செய்தாச்சு. துணுக்குகள் வலஞ்சுழியாகப் போகின்றன. சில துணுக்கு ஒரே ஓரத்தில் ஒதுங்குகிறது.

பதில் (மார்த்தாண்டம்)
மேசை எந்தப் பக்கம் சுற்றுகிறது? மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக இருக்கணும். விளிம்புச் சக்கரம் திசையைத் திருப்பிவிடும், மோட்டார் வலஞ்சுழியாக ஓடணும். இப்போது உங்களிடம் இருப்பது தென் அரைக்கோளம். மோட்டாரின் இரண்டு வயர்களையும் மாற்றிப் போடுங்கள். ஓரத்தில் ஒதுங்குவது மின்விசிறிக் காற்று, அணைத்துவிட்டுப் பாருங்கள்.