டவர் கிடைக்கிற பாறை: இணையம் கேட்டு வேலை செய்கிறவர்களைச் சந்தித்த அனுபவம் உண்டா?

மிளகுக்கொடி, ஏற்காடு

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டு மலையில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள் நான். ஏரிக்குப் பக்கத்து ஊர் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்துக்குள் நடந்து போக வேண்டிய ஊர்.

2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் தவிர நூறு நாள் வேலை எல்லாவற்றுக்கும் வருகைப் பதிவு போனில் ஓர் ஆப் வழியாகத்தான் என்று ஆனது. காலையில் வேலை நடக்கும் இடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ, நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ. இடமும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். டவர் இல்லாத இடமென்றால் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ஏற்றலாம் என்றார்கள். சரி, எங்கே போய் ஏற்றுவது? எங்கள் ஊரில் டவர் கிடைப்பது ஒரே இடத்தில்தான். ஊருக்கு மேலே பாறை, அதன் ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம். அந்த மரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கொட்டாங்குச்சியை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். போனை அதில் நிற்க வைத்தால் இரண்டு கோடு வரும். கையில் எடுத்தால் போய்விடும். அதனால் யார் போன் பேசினாலும் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். எங்கள் ஊரில் குடும்ப ரகசியம் எதுவும் தங்காது!

ஒரு நாள் மதியத்துக்கு மேல் பனியும் மழையும் பிடித்துக்கொண்டது. போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொட்டாங்குச்சியில் வைத்துவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்குச் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. பதினெட்டுப் பேர் வேலை செய்த நாள். அப்போது கூலி 294 ரூபாய். ஒருவருக்கும் அந்த நாள் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக் கேட்டார்: “நான் மண்ணு வெட்டுனத நீ பாத்த இல்ல கண்ணு? அப்புறம் போனு பாக்கலைன்னு சொல்றியே?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சேலத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஏழைகளுக்கும் கட்டுப்படியாகிற விலையில் இணையம் வேண்டும், அதில் அவர்களுக்கு உரிமையும் வேண்டும் என்று பல மாநிலங்களில் வேலை செய்கிற அமைப்புகளோடு சேர்ந்தவர்களாம். மேடைப் பேச்சு எதுவும் இல்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “ரீசார்ஜ் யார் காசுங்க அக்கா?” என் காசுதான். போனும் என்னுடையதுதான். அதுவரை ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. என்னோடு பாறைக்கு ஏறி வந்து, ஒரு போட்டோ போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று நேரம் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஆப் வேலை செய்யாத அசாதாரணமான நேரங்களில் மாவட்ட அளவில் அனுமதி பெற்று வருகையைக் கையால் பதிய வழி இருக்கிறது என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தமிழில் மனு எழுதி, பதினெட்டுப் பேரின் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தோம். கூலி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆனால் வந்தது.

உங்களில் யாருக்காவது இப்படிப்பட்டவர்களோடு பழக்கம் உண்டா? எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

மிளகுக்கொடி அக்கா, படிக்கும்போதே மனசு கனத்தது. என்னுடையது 2015 கதை.

அப்போது நான் பாலிடெக்னிக் மாணவன். அந்த மார்ச் கடைசியில், போன் கம்பெனிகளுக்கு விதி போடுகிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மக்களிடம் கருத்துக் கேட்டு ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 118 பக்கம், இருபது கேள்வி, எல்லாம் ஆங்கிலம். கம்பெனிகள் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒவ்வொரு விலை வைக்கலாமா என்பதுதான் அதன் சாரம். கட்டற்ற மென்பொருள் முகாம் ஒன்றில் அறிமுகமான அண்ணன் ஒருவர் அதைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கிக் கொண்டுவந்தார். புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆறு பேர் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பினோம். நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேல் போனது. அதில் எங்கள் ஆறும் இருக்கிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

அந்த டிசம்பரில் ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டுகிற ஃப்ரீ பேசிக்ஸ் என்ற திட்டத்துக்குப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. கொலுசுப் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டிருந்த அப்பா ஊதுகுழலை எடுத்துவிட்டு, “சும்மா தர்றத ஏண்டா வேண்டாங்கற?” என்றார். அவருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. “செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு வியாபாரி இலவச பஸ் விடறார்ப்பா. ஆனா அது அவர் கடை வாசலிலயும், அவர் சொல்ற கடைகள்லயும்தான் நிக்கும். நம்ம பட்டறைக்கு யார் வருவாங்க?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “டிராய்க்கு எழுதிப் போடு” என்றார். 2016 பிப்ரவரி 8 அன்று, எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது என்று டிராய் விதி போட்டது. அன்று சாயங்காலம் பட்டறையில் எல்லோருக்கும் அப்பா டீ வாங்கிக் கொடுத்தார்.

விலைச் சண்டை மட்டும் ஓயவில்லை. 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருடத்துக்குப் பதிமூன்று தடவை. வாரக்கூலி வாங்குகிறவனுக்கு அந்தப் பதிமூன்றாவது பெரிய பாரம். நிறையப் பேர் முட்டி மோதிய பிறகுதான் 30 நாள் பிளானும் ஒன்று இருக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு வந்தது. டேட்டா வேண்டாம், பேசினால் போதும் என்கிறவர்களுக்குத் தனி ரீசார்ஜ் இருக்க வேண்டும் என்பது 2024 டிசம்பரில்தான். அக்கா, உங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு இதைச் சொல்லுங்கள். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

தறிக்காரி, அம்மாபேட்டை

நீங்கள் இரண்டு பேரும் நெட் இல்லாத கஷ்டத்தையும் விலையையும் எழுதினீர்கள். கையில் நெட் வந்த பிறகு எங்களுக்கு வந்த கஷ்டத்தை நான் எழுதுகிறேன்.

என் நாத்தனார் தறிக்குப் பாவு வாங்க ஒரு கடன் ஆப்பில் ஐந்தாயிரம் எடுத்தார். ஆறு நாளில் இரண்டு மடங்கு கேட்டார்கள். அப்புறம் அவர் போனில் இருந்த ஒவ்வொரு நம்பருக்கும் கூப்பிட்டார்கள். சம்பந்தி வீட்டுக்கு, பையனின் வாத்தியாருக்கு, நூல் முதலாளிக்கு. முகத்தை வெட்டி ஒட்டிப் படம் அனுப்பினார்கள். அவர் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அழுகைதான்.

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு அந்த வாரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். இணைய உரிமைக்காரர்கள்தான். யாரையும் குற்றம் சொல்லாமல், “எல்லாரும் போனை எடுங்க, செட்டிங்ஸ் போங்க” என்று ஆரம்பித்தார்கள். எந்த ஆப் எதையெல்லாம் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். என் போனில் டார்ச் அடிக்கிற ஆப்புக்குப் போன்புக் முழுக்கத் திறந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த அக்கா சத்தமாகவே கேட்டுவிட்டார்: “லைட்டு போடறதுக்கு எதுக்குங்க எங்க சித்தப்பா நம்பரு?” நாற்பது பெண்களும் அங்கேயே அணைத்தோம்.

கடன் ஆப் யாருடைய போன்புக்கையும் போட்டோவையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். அவர்கள் கூடவே இருந்து, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போட்டு, இணையத்திலும் புகார் பதிந்து கொடுத்தார்கள். வந்த மிரட்டல்களை அழிக்காமல் வைக்கச் சொன்னார்கள். இது ரொம்ப முக்கியம், பயத்தில் நாம் முதலில் செய்வது அழிப்பதுதான். நாத்தனார் இப்போது மறுபடியும் தறி நெய்கிறார்.

லாரி புக்கிங், கொண்டலாம்பட்டி

சுருக்கமாக என் அனுபவம். 2018 மே மாதம் எங்கள் வண்டி உப்பு ஏற்றத் தூத்துக்குடி போயிருந்தது. 22ஆம் தேதி ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு. மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையம் துண்டிக்கப்பட்டது. டிரைவர் தம்பி அதுவரை வாட்ஸ்அப்பில் வழி கேட்டு, எங்கே நிற்கிறான் என்று அனுப்பிக்கொண்டிருந்தவன். இரண்டு நாள் அவன் எந்த ரோட்டில் இருக்கிறான் என்றே தெரியாமல் அவன் அம்மா எங்கள் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்படி நாட்டில் எங்கெங்கே எப்போது நிறுத்துகிறார்கள் என்று எஸ்.எஃப்.எல்.சி. டாட் இன் என்ற அமைப்பு கணக்கு வைக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்று புரிந்தது. 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது, நிறுத்துகிற உத்தரவை வெளியிட வேண்டும் என்றது. உத்தரவைப் பார்த்தால்தானே எதிர்த்துக் கேட்க முடியும்.

மிளகுக்கொடி, ஏற்காடு

தறிக்காரி அக்கா, உங்கள் நாத்தனாரை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை எங்கள் குழுப் பெண்களுக்கு அப்படியே படித்துக் காட்டினேன்.

இப்போது எங்கள் பக்கம் எப்படி என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ரோட்டோர டீக்கடை அண்ணன் வானி வைஃபை வைத்திருக்கிறார். 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம். சின்னக் கடைக்காரர் லைசென்ஸ் இல்லாமலே இணைப்பு வாங்கி, கூப்பன் போட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். முதலில் கம்பெனிக்காரர்கள் வியாபார இணைப்பு என்று சொல்லி, அவரால் தாங்க முடியாத விலை கேட்டார்கள். வீட்டு இணைப்புக்கு வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இப்படி வைஃபை வைக்கிற கடைக்காரர்களிடம் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் டிராய் உத்தரவு வந்ததும், அந்தச் சேலத்துப் பெண் அதை அச்செடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது பத்து ரூபாய்க்குப் பிள்ளைகள் பாடம் இறக்கிக்கொள்கிறார்கள்.

ஆனால் கடை எங்கள் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பெரிய காற்று அடித்து மரக்கிளை விழுந்தால் கேபிள் அறுந்துவிடும், ஆள் வந்து ஒட்ட மூன்று நாள். கரண்ட் போனால் அதுவும் போச்சு. ஒரு பழைய லாரி பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் கிடைத்தால் அந்தக் குறை தீரும் என்கிறார் டீக்கடை அண்ணன். கொண்டலாம்பட்டி அண்ணா, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். சேலத்துக் குழு ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறது. குப்பனூர் வழியாக அவர்கள் வண்டியிலேயே கொடுத்து அனுப்பிவிடலாம்.