டர்பன் நாவலும் ஓர் எனாமல் குவளையும்

எழுதும்போது நம்மை மடக்கிப் போட்ட மனிதர்களைப் பற்றி ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். என் பங்குக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன். கணவரின் வேலை காரணமாகச் சில வருடங்கள் அங்கே இருந்தோம். அப்போது தொடங்கிய நாவல் இப்போதுதான் முடியும் நிலைக்கு வந்திருக்கிறது. டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில் காய்கறி போட்டுப் பிழைத்த ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போவதுதான் கதை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் ஒன்றரை லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் டர்பனை ஒட்டித் தோட்டம் போட்டார்கள். 1950இல் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று அரசாங்கம் ஊரைக் கோடு போட்டுப் பிரித்தது. 1958இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். அங்கிருந்த ஆப்பிரிக்கர்களை க்வாமாஷுவுக்கு அனுப்பினார்கள், இந்தியர்களை சாட்ஸ்வொர்த்துக்கு. இதில் வேடிக்கை, காலி செய்த நிலத்தில் வெள்ளையர்களும் பெரிதாக வந்து குடியேறவில்லை. பல வருடம் புதர் மண்டிக் கிடந்தது. கோயில்களை மட்டும் விட்டுவைத்தார்கள். தீமிதிக்கு சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்து, தங்கள் பழைய வீடு இருந்த புதரைத் தாண்டிப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்கள் ஜனங்கள்.

ஆவணங்களுக்குக் குறைவில்லை. டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில்லில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, வாய்மொழிப் பேட்டிகள் அங்கே நிறையக் கிடைக்கும். ஊருக்குள் க்வாமுஹ்லே அருங்காட்சியகம். ஒரு காலத்தில் ஆப்பிரிக்கர்கள் ஊருக்குள் இருப்பதற்கான அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்ற அதே அலுவலகக் கட்டிடம்தான் அது. எனக்கு முதலில் கண்ணில் பட்டவை பலகைகள். 1989இல் எடுத்த ஒரு பிரபலமான படத்தைப் பார்த்திருப்பீர்கள்: டர்பன் கடற்கரை விதி 37இன்படி இந்தக் குளிக்கும் இடம் வெள்ளை இனத்தவருக்கு மட்டுமே என்று ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், சூலு மூன்றிலும் எழுதி நட்டுவைத்த பலகை. நாவலாசிரியருக்கு வேறென்ன வேண்டும்? முதல் அத்தியாயத்தையே அதில்தான் தொடங்கினேன். பலகைக்கு முன்னால் ஒரு குழந்தை, கையில் வாளி.

சாட்ஸ்வொர்த்தில் எனக்குப் பழக்கமான ஓர் ஆயா இருந்தார். அங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் இந்தக் காட்சியைச் சொன்னேன். ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போர்டா? அதை யாரும்மா பார்த்தா? நாங்க அந்தப் பக்கமே போகமாட்டோமே. எங்க போகக் கூடாதுன்னு காலுக்கே தெரியும்."

அன்றோடு பலகை போயிற்று. சாதாரணமாக அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பலகை கண்ணிலேயே படவில்லை. வெளியிலிருந்து வருகிற எனக்குத்தான் அது பெரிதாகத் தெரிந்தது. இன ஒதுக்கலைப் பற்றி எழுதுகிற பலரும் பலகை, போலீஸ் நாய், புல்டோசர் மூன்றையும் விட மாட்டேன் என்கிறார்கள். நடந்தவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை வைத்தே கதை ஓட்டினால் படிக்கிறவர் சுகமாகக் கோபப்பட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு குவளை. கேட்டோ மேனரில் இருந்த பழைய வீட்டை ஆயா எனக்கு வாசலிலிருந்து கொல்லைவரை வாயாலேயே சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மாமரம், அவகாடோ மரம், கறிவேப்பிலை, மாரியம்மன் படம், தகரம் போட்ட சமையலறை. அதன் பின்கதவுக்கு வெளியே ஓர் ஆணி, ஆணியில் நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் குவளை. "அது யாருக்கு ஆயா?" "வேலைக்கு வர்ற பொம்பளைக்கு." சூலு இனத்து ஆப்பிரிக்கரான அந்த அம்மா அவர்கள் கொல்லைப்புறத் தகர அறையிலேயே வாடகைக்கு இருந்தவர். வாடகையையும் கொடுத்துவிட்டு, துணியும் துவைத்துக் கொடுத்தார். அவருக்கு டீ அந்தக் குவளையில்தான்.

அப்புறம் 1949. ஜனவரி 13 அன்று, விக்டோரியா தெருப் பக்கம் ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் நடந்த தகராறு ஊர்க் கலவரமாக வெடித்தது. அரசுக் கணக்குப்படி 142 பேர் செத்தார்கள். அதில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். நிலம் வாங்கும் வழியே ஆப்பிரிக்கர்களுக்கு அடைபட்டிருந்தது. வீட்டுக்காரர், பஸ் முதலாளி, கடைக்காரர் என்று அவர்கள் தினமும் முட்டிக்கொண்டது இந்தியர்களோடு. கோபம் கைக்கு எட்டியவர் மேல் பாய்ந்தது. ஆயாவுக்கு அப்போது பத்து வயதுபோல இருக்கும். பிள்ளைகளைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளி, போர்வையைத் தரைவரை தொங்கவிட்டு, வாசலில் நின்று கூட்டத்தைத் திருப்பி அனுப்பியது அதே சூலு அம்மா.

இதைச் சொல்லும்போது ஆயா அழுதார். கொஞ்ச நேரம் பொறுத்து, "அதுக்கப்புறம் குவளை என்ன ஆச்சு ஆயா?" என்றேன். "என்ன ஆகும்? ஆணியிலதான் இருந்துச்சு."

பிரதியைப் படித்த ஒரு நண்பர், கலவரத்துக்குப் பிறகு வீட்டம்மா அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு வீட்டு டம்ளரில் டீ கொடுப்பதுபோல ஒரு காட்சி வைக்கச் சொன்னார். நன்றாகத்தான் இருக்கும், கண்ணீரும் வரும். முடியாது என்றுவிட்டேன். மேலே வெள்ளைக்காரன், கீழே ஆப்பிரிக்கர், நடுப்படியில் நம்மவர். அந்தப் படியில் உட்கார்ந்தபடி என்ன செய்தார்கள் என்பதை எழுதாவிட்டால் இந்த நாவலுக்கு அவசியமே இல்லை.

-

மேலே எழுதியவருக்கு ஒரு வார்த்தை. நான் டர்பன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் மாமனார் படித்தது சாலிஸ்பரி தீவில். 1961இல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி என்று சொல்லி, துறைமுகத்துக்குள் கடற்படை விட்டுப்போன பழைய கட்டிடங்களில் நடத்தினார்கள். தினமும் ஃபெரியில் போய்வர வேண்டும். எவ்வளவு பெரிய அவமானம் என்று நான் கொதித்துக்கொண்டிருக்க, மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவமானந்தான். ஆனா உன் மாமியாரை அந்த ஃபெரியிலதானே பார்த்தேன்!" அந்தக் காலத்தைப் பற்றி அவர் எப்போது பேசினாலும் இரண்டும் கலந்துதான் வரும். உங்கள் நாவலில் யாராவது சந்தோஷமாக இருக்கிறார்களா?

-

எங்கள் வாசகர் வட்டத்தில் உங்கள் குவளைப் பகுதியை வாசித்துக் காட்டினேன். உசிலம்பட்டிப் பக்கத்து நண்பர் ஒருவர், "இதைப் பார்க்க டர்பன் வரைக்குமா போகணும்? எங்க ஊர் டீக்கடைக்கு வந்திருக்கலாமே" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

-

இரண்டு பேருக்கும் சேர்த்து. சந்தோஷம் இருக்கிறது. கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கால்பந்து, கல்யாணம், தீமிதி எல்லாம் உண்டு. ஃபெரி இல்லை, மாமாவிடம் அனுமதி கேட்டுச் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

டீக்கடை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. கப்பலேறியவர்களின் பட்டியலில் சாதியையும் எழுதித்தான் அனுப்பினார்கள். ஆணியும் குவளையும் ஒரு நூறு வருடத்தில் தானாக முளைத்தவை இல்லை. ஆனாலும் இரண்டையும் ஒன்றென்று நாவலில் நான் எழுத மாட்டேன். அங்கே ஒவ்வொருவரும் என்ன இனம் என்று அரசாங்கமே பதிவேட்டில் எழுதிவைத்தது, சட்டம் போட்டுப் பிரித்தது. இங்கே சட்டம் கூடாது என்கிறது, கடை வைத்திருப்பவர் செய்கிறார். உசிலம்பட்டிக்காரர் படித்தவுடன் கண்டுபிடித்துவிட்டாரே, நான் வேறு எதற்கு நடுவில் நின்று கைகாட்ட வேண்டும்?

இப்போது கடைசிப் பாகத்தில் நிற்கிறேன். 1984இல் மூன்று அவை நாடாளுமன்றம் என்று கொண்டுவந்து, இந்தியர்களுக்கும் கலப்பினத்தவருக்கும் ஆளுக்கோர் அவை கொடுத்தார்கள், ஆப்பிரிக்கர்களுக்கு எதுவும் இல்லை. அந்தத் தேர்தலில் பதிவான இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். புறக்கணித்தவர்கள் கதை எனக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. ஓட்டுப் போட்டவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், பெயர் வேண்டாம், அன்று காலை வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.